முன்பனிக் காலத்தில் வரித்தலை வாத்துகளைப் பார்த்தல்

வரித்தலை வாத்து நடு ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கு வரும் ஒரு காட்டு வாத்து. பட்டைத்தலை வாத்து என்றும் இதைச் சொல்வர். மங்கோலியா, திபெத், சீனாவின் சிங்காய் மாகாணம், கிர்கிஸ்தான் ஆகிய பகுதிகள் இதன் கோடைகால வாழிடங்கள். தமிழ்நாட்டில் இதைக் காண்பதற்குப் பெயர்பெற்ற இடம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்.

மார்கழி, தை மாதங்களை நம் முன்னோர் முன்பனிக் காலம் என்றனர். இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் வாத்துகளைப் பார்ப்பவருக்குப் பின்னால் கிடைக்காத ஒரு வாய்ப்பு உண்டு. அந்த ஆண்டில் பிறந்த இளம் பறவைகளைப் பெரியவற்றிலிருந்து பிரித்து எண்ணிவிடலாம். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கோடையில் எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்பதைக் குளக்கரையில் உட்கார்ந்தபடியே ஓரளவு அறிய முடியும்.

அடையாளம்

வெளிர்சாம்பல் நிற உடல், மஞ்சள் அலகு, மஞ்சள் கால், வெள்ளைத் தலை. தலையின் பின்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கறுப்புப் பட்டைகள். இந்தப் பட்டைகளால்தான் பெயர் வந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். எடை ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ.

தமிழில் வாத்து என்ற ஒரே சொல் பலவகைப் பறவைகளைக் குறிப்பதால் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவதுண்டு. அதே குளத்தில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகியவையும் வடக்கிலிருந்து வந்து இறங்கியிருக்கும். அவை உருவில் சிறியவை. பெரும்பாலும் நீரிலேயே இரை தேடும். வரித்தலை வாத்தோ கரையேறி, ஆடு மாடுபோல் புல் மேயும். கறுப்பு உடலும் வெள்ளை நெற்றியுமாகக் கூட்டங்கூட்டமாக மிதப்பவை நாமக்கோழிகள். அவை வாத்தினமே அல்ல.

பழைய இலக்கியங்களில் வரும் அன்னம் இந்தப் பறவைதான் என்று கருதுவோர் உண்டு. புறநானூற்றின் 67ஆம் பாடலில், குமரித் துறையில் இரை தின்றுவிட்டு வடமலை நோக்கிச் செல்லும் அன்னச் சேவலிடம் பிசிராந்தையார் பேசுகிறார். தென்கோடியிலிருந்து இமயத்துக்குப் போகும் வழி பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்த அன்னம் அயிரை மீன் தின்கிறது. வரித்தலை வாத்தின் உணவோ புல், தானியம், கிழங்கு. ஆகவே அன்னம் இதுதான் என்று அடித்துச் சொல்வது பொருத்தமன்று.

இமயத்தைக் கடக்கும் முறை

இந்த வாத்து எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே பறக்கும் என்று பல நூல்களில் காணலாம். செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தின. அவற்றில் பதிவான மிகக்கூடிய உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அவை ஏறக்குறைய 5,500 மீட்டருக்குக் கீழேயே பறந்தன. மலைமுகட்டை ஒட்டி ஏறியும் பள்ளத்தாக்கில் இறங்கியும் செல்கின்றன.

இதனால் அதன் திறமை குறைந்துவிடவில்லை. 5,500 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளைவிட எளிதாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். நுரையீரலும் பெரிது. மலையைக் கடக்க இரவையும் விடியற்காலையையும் இவை தேர்ந்துகொள்கின்றன. அந்நேரத்தில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். சிறகு தள்ளுவதற்குப் பிடிமானம் கிடைக்கும். பின்காற்றின் உதவியை எதிர்பார்க்காமல் சிறகடித்தே ஏறுகின்றன.

வட இந்தியாவுக்கு அக்டோபர் முதல் வரத் தொடங்கும். இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் பல்லாயிரக்கணக்கில் கூடும். ஒரு பகுதி மேலும் தெற்கே இறங்குகிறது. கூந்தன்குளத்துக்கு எப்போது, எத்தனை வரும் என்பது வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. மழை பொய்த்துக் குளம் வறண்ட ஆண்டில் போய்ப் பயனில்லை.

எப்படிப் பார்ப்பது

இவை இரவில் வயல்களிலும் புல்வெளிகளிலும் மேய்ந்துவிட்டுப் பகலில் நீரோரத்தில் ஓய்வெடுக்கும். எனவே சூரியன் உதிக்கும் முன்பே கரைக்குப் போய்விட வேண்டும். முதலில் குரல்தான் வரும். மூக்கால் கூவுவதுபோன்ற ஒலி. அதன்பின் வரிசையாகவோ இரண்டு கோடுகள் கூடும் கூர்முனை வடிவிலோ வந்து இறங்கும்.

கூட்டம் தலைசாய்த்து உறங்கும்போதும் ஓரிரண்டு பறவைகள் கழுத்தை நிமிர்த்திக் காவல் இருக்கும். நாம் நெருங்க நெருங்க நிமிரும் கழுத்துகளின் எண்ணிக்கை கூடும். ஐந்தாறு கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்தால் இன்னும் நல்லது. இரவெல்லாம் மேய்ந்து சேர்த்த சத்தை ஒவ்வொரு தேவையற்ற பறத்தலும் செலவழிக்கிறது. திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பும் அதிலிருந்துதான் சேர வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வாத்துகளைக் கலைப்பது இயற்கை. படத்துக்காகக் கல்லெறிந்தும் ட்ரோன் விட்டும் கிளப்புவது அப்படியல்ல.

எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி போதும். தொலைநோக்கி இருந்தால் பட்டைகள் தெளிவாகத் தெரியும்.

இளம் பறவைகளை எண்ணுதல்

முதல் குளிர்காலத்தில் வரும் இளம் பறவைக்குத் தலையில் கறுப்புப் பட்டைகள் இருப்பதில்லை. உச்சந்தலையும் பின்கழுத்தும் பழுப்புச் சாம்பலாக இருக்கும். குளிர்காலம் செல்லச் செல்லப் பட்டைகள் முளைத்துவிடும்; பிறகு வேறுபாடு மங்கிப்போகும். அதனால்தான் முன்பனிக்காலத் தொடக்கம் முக்கியம்.

முதலில் மொத்தக் கூட்டத்தையும் பத்துப் பத்தாக எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு தலை தெளிவாகத் தெரியும் பறவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டை உள்ளவை, இல்லாதவை எனப் பிரிக்க வேண்டும். சிறகுக்குள் தலையைச் செருகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உதாரணமாக, தெளிவாகத் தெரிந்த 60இல் 12க்குப் பட்டை இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்கு இளையவை. குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுவதும் தாய் தந்தையுடனேயே இருப்பதால் குடும்பங்கள் தனித்தனிக் கொத்தாக நிற்கும். கூட்டத்தின் ஒரு மூலையை மட்டும் எண்ணினால் கணக்குப் பிசகிவிடும். ஒரு நாள் கணக்கைவிட, அதே குளத்தில் ஆண்டுதோறும் அதே முறையில் எடுத்த கணக்குக்கே மதிப்பு அதிகம்.

சில பறவைகளின் கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்த வளையம் இருக்கும். மங்கோலியாவில் வளையமிட்ட வாத்துகள் கர்நாடகக் குளங்களில் காணப்பட்டுள்ளன. வளையத்தைக் கண்டால் நிறம், எழுத்து, எண், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பொதுமக்கள் சேர்ந்துகொள்ளலாம்.

ஊரும் பறவையும்

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஊர்மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளுக்கு இடம் கொடுத்து வந்தவர்கள். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது.

வரித்தலை வாத்து இங்கே கூடு கட்டுவதில்லை. மார்ச் மாத வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். அப்போது நாரைக் கூடுகளில் குஞ்சுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.