ரிஜிபோம் சுவருக்குள் வயர் போகிறதா?

அண்மையில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரி என்னிடம், "நானா, ரிஜிபோம் சுவர் வைச்சு சின்னதா ஒரு குளிர் அறை கட்டப்போறன். வயரைச் சுவருக்குள்ளயே விட்டா குளிரில கிடக்கும்தானே, சூடாகாது?" என்று கேட்டார். கேட்க சரி போலத்தான் இருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து நட்டப்பட்டவன்.

ஊர்காவற்றுறையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கிய காலத்தில் இப்படியொரு அறை கட்டினேன். குளிர் இயந்திரத்தின் விசிறிக்கும் ஹீட்டருக்கும் விளக்குக்கும் ஒரே வயர். அதைச் சுவரின் நீளத்துக்கு ரிஜிபோமுக்குள் புதைத்துவிட்டோம். பிறகு ஐஸ் அரைக்கும் மோட்டருக்கும் அதிலிருந்தே ஓர் இணைப்பு எடுத்தேன். எல்லாம் சேர்ந்து ஓடினால் 16 அம்பியர். பிரேக்கர் 20 அம்பியர். ஒரு நாளும் அது விழவில்லை. மூன்றாம் வருடம் கருகல் மணம் வந்து சுவரைப் பிரித்தோம். வயரைச் சுற்றி ரிஜிபோம் உருகிக் குழியாகியிருந்தது. வயரின் உறை காய்ந்து வெடித்திருந்தது. தீப்பிடிக்காதது நமது நல்ல காலம். ஆனால் உள்ளே இருந்த மீன் முழுவதும் போயிற்று.

ஏன் இப்படி? மின்சாரம் ஓடினால் எந்த வயரும் சூடாகும். வெளிச்சுவரில் கிடந்தால் அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும். ரிஜிபோம் வெளிச் சூட்டை உள்ளே விடாது. அதே குணத்தால் வயரின் சூட்டையும் வெளியே விடாது.

கணக்கைப் பாருங்கள். கடையில் நாம் 7/0.67 என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் தட்டை வயர், வெளிச்சுவரில் 27 அம்பியர் வரை தாங்கும். நமது மின்வேலைக்காரர்கள் பின்பற்றும் பிரித்தானிய விதிகளின்படி, அரை மீற்றருக்கு மேல் முழுதாக இன்சுலேசனுக்குள் புதைந்தால் அது பாதியாகி 13.5 அம்பியர் ஆகிவிடும். எனது வயரில் ஓடியது 16. 20 அம்பியர் பிரேக்கருக்கோ வயர் எங்கே கிடக்கிறது என்பது தெரியாது. அதனால் அது சும்மா இருந்தது, வயர் வெந்துகொண்டிருந்தது.

இன்னொரு கேடும் உண்டு. வயரின் பீவீசீ உறை வளைந்துகொடுக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருள் சேர்க்கிறார்கள். ரிஜிபோமோடு ஒட்டிக் கிடந்தால் அது மெல்ல ரிஜிபோமுக்குள் இறங்கிவிடும். ரிஜிபோம் குழியும், உறை விறைத்து வெடிக்கும். சூடு கூடினால் இது விரைவாக நடக்கும்.

ஆகவே அந்த வியாபாரிக்கு நான் சொன்னவை இவை:

முதலாவது, வயரைச் சுவருக்குள் நெடுக்கே விடாதீர்கள். சுவருக்கு வெளியே கொண்டுபோய், தேவையான இடத்தில் மட்டும் நேராகக் குறுக்கே நுழையுங்கள். 100 மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவரைக் குறுக்கே கடந்தால் வயரின் தாங்குசக்தி 22 வீதம்தான் குறையும்.

இரண்டாவது, நுழையும் இடத்தில் கட்டியான பீவீசீ குழாய் போடுங்கள். அதில் அந்த எண்ணெய்ப் பொருள் இல்லாததால் வயரும் ரிஜிபோமும் ஒட்டாது. தகரத்தின் வெட்டு விளிம்பும் வயரைக் கீறாது. இரும்புக் குழாய் வேண்டாம். தீவுக் காற்றின் உப்பு அதைத் தின்றுவிடும்.

மூன்றாவது, வயர் போட்ட பின் குழாயின் இரு வாயையும் அடையுங்கள். இல்லாவிட்டால் ஈரக்காற்று புகுந்து குளிரில் தண்ணீராகி இணைப்புகளில் இறங்கும்.

நான்காவது, புதைப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால் தடித்த வயர் போட்டு, குறைந்த தாங்குசக்திக்கு ஏற்ற பிரேக்கர் வையுங்கள். சுவரின் தகரத்துக்கு எர்த் கொடுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம்.

வீட்டுக்கும் இதே நியாயம்தான். தகரக் கூரையின் கீழ், சீலிங்குக்கு மேல், மத்தியான வேளையில் 50 பாகை வந்தால் வயர் தாங்குவது 29 வீதம் குறையும். அதன்மேல் வெப்பத் தடுப்பை விரித்து மூடினால் இன்னும் குறையும். வெள்ளிப் படலம் அடிப்பதாக இருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே ஏறுங்கள். 2009 - 2010 காலத்தில் அவுஸ்திரேலிய அரசின் கூரை வெப்பத் தடுப்புத் திட்டத்தில் 4 இளம் தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களில் 3 பேரின் உயிரைப் பறித்தது மின்சாரம். படலத்தை அடித்த உலோகப் பின் வயரைத் துளைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய ஒளி, பற்றரி சேர்ந்த மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய நன்கொடை 110 இலட்சம் டொலர். டீசல் மின்சாரத்தையே நம்பியிருந்த தீவுகளில் மின்சாரம் பெருகினால் குளிர் அறைகளும் பெருகும். மீனுக்கு நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். அது நல்ல காரியம். ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் இடத்துக்குத் தீயணைப்பு வண்டியை எப்படிக் கொண்டுபோவது?

அந்த வியாபாரி இன்னும் சுவர் கட்டவில்லை. கட்டி முடித்தவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். இயந்திரம் நன்றாக ஓடும் நேரத்தில் வயர் சுவருக்குள் நுழையும் இடத்தின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் மெயினை நிறுத்திவிட்டு, அனுமதிப்பத்திரம் உள்ள மின்வேலைக்காரரை அழையுங்கள். சூடு தெரியாவிட்டாலும், வயர் சுவருக்குள் நெடுக்கே போயிருந்தால் ஒருமுறை அவரைக் கொண்டு பார்ப்பது நல்லது. எனது சுவரும் வெளியே இருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.