அல்கார்வேயின் புற்றரைகளும் அவற்றின் நீர்க்கணக்கும்

கோல்ப் விளையாட்டு எமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு அந்நியமானதொன்றே. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆயினும், 18 குழிகளைக் கொண்ட ஒரு மைதானத்துக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் நிலம் வேண்டியிருக்கின்றது. அந்நிலத்தின் பெரும் பகுதியை ஆண்டு முழுவதும் பசுமையாக வைத்திருக்க நீரும் வேண்டும். இதனால் கோல்ப் மைதானம் விளையாடுவோரின் விவகாரம் மட்டுமன்று. அதே கிணற்றையும் அதே நீர்த்தேக்கத்தையும் நம்பியிருக்கும் கமக்காரனின் விவகாரமுமாகும். இதனை விளங்கிக்கொள்ளப் போர்த்துக்கல்லின் தென்கோடியில் உள்ள அல்கார்வே மாகாணத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அங்கு சுமார் 40 கோல்ப் மைதானங்கள் உள்ளன.

அல்கார்வே என்ற பெயரே மேற்குத் திசையைக் குறிக்கும் 'அல் கர்ப்' என்ற அரபுச் சொல்லின் திரிபாகும். 8ஆம் நூற்றாண்டிலிருந்து 1249ஆம் ஆண்டு வரை அப்பிரதேசம் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. மழை குறைந்த அந்த மண்ணில் வாதுமையும் அத்தியும் தோடையும் செழித்தமைக்கு அவர்கள் பரப்பிய நீர்ப்பாசன முறைகள் பெரிதும் துணை நின்றன. மாடோ கழுதையோ சுற்றிவர, வாளிகள் கோத்த சக்கரம் கிணற்று நீரை மேலே கொணரும் பொறிக்கு இன்றும் அங்கு 'நோரா' என்ற அரபு வழிப்பெயரே வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் சூத்திரக் கிணறு கண்டவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. (அந்த முஸ்லிம்களுக்குத் தாம் இட்டிருந்த 'மூர்' என்ற பெயரையே 16ஆம் நூற்றாண்டில் எமது தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் இங்குள்ள சோனகர் மீதும் சுமத்தினர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.)

இத்தகைய வரண்ட பிரதேசத்தில் கோல்ப் சுற்றுலாவுக்கு வழி திறந்தது 1965இல் பாரோ நகரில் திறக்கப்பட்ட விமான நிலையமாகும். அடுத்த ஆண்டே பெனினா மைதானம் தயாராகிவிட்டது. அதனை வடிவமைத்தவர் ஆங்கிலேயரான ஹென்றி கொட்டன். பிரித்தானியாவின் புகழ்பெற்ற 'ஓப்பன்' போட்டியில் 1934, 1937, 1948 ஆகிய ஆண்டுகளில் வெற்றிவாகை சூடியவர் அவர். அவருக்குக் கிடைத்த நிலமோ மேடுபள்ளமற்ற நெல்வயல். காலை வைத்தால் புதையும் சேறு. கொட்டன் கையாண்ட உபாயம் வியப்புக்குரியது. யூக்கலிப்டஸ் முதலான, நீரை வெகுவாக உறிஞ்சும் மரங்களை இலட்சக்கணக்கில் நட்டு வயலின் ஈரத்தை வடித்தார். அதே மரங்கள் பின்னர் பாதைகளின் இருமருங்கிலும் அரணாக வளர்ந்து, தட்டையான நிலம் தராத சவாலை விளையாடுவோருக்குத் தந்தன. தமது பையைச் சுமக்க அவர் ஒரு கழுதையை வைத்திருந்ததும் அக்காலத்தில் பிரசித்தம். 1987இல் காலமாகும் வரை அவரது பெயர் பெனினாவுடன் பிணைந்தே இருந்தது.

அவருக்குப் பின் வந்தோரின் பட்டியல் நீளமானது. விலமூராவில் பிராங் பெனிங்க், குடைபோல் விரிந்த பைன் மரங்களை வெட்டாது அவற்றினூடாகவே 1969இல் மைதானத்தை வகுத்தார். அமெரிக்க வீரர் ஆர்னல்ட் பாமர் வடிவமைத்த விக்டோரியா மைதானம் 2004இல் திறக்கப்பட்டு, மறு ஆண்டே உலகக் கிண்ணப் போட்டிக்குக் களமானது. விலா சொல் மைதானத்தை வகுத்த டொனால்ட் ஸ்டீலை எம்மவர்களும் அறிந்திருக்க நியாயமுண்டு. கண்டி திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1999இல் திறக்கப்பட்ட மைதானம் அவரது கைவண்ணமே.

கொட்டனையும் பின்வந்தோரையும் ஒப்பிடும்போது ஒரு விந்தை புலனாகும். அவர் நீரை வெளியேற்றுவதற்கு வழி தேடினார். பின்வந்தோரில் பலர் நீரை வரவழைப்பதற்கு வழி தேட வேண்டியிருந்தது. பாமர் போன்றோர் கொணர்ந்த அமெரிக்கப் பாணியில் செயற்கை ஏரிகள் காட்சிக்கும் இடையூறுக்குமாக வெட்டப்பட்டன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கு மழை இல்லையென்றே சொல்லலாம். ஆனால் வட ஐரோப்பியர் குளிருக்கு அஞ்சி கோல்ப் விளையாட வருவதோ இலையுதிர்காலம் முதல் வசந்தகாலம் வரையிலாகும். யாரும் அதிகம் விளையாடாத கோடையில்தான் புல்லுக்கு நீர் அதிகம் தேவைப்படுகின்றது.

கோல்ப் துறைக்காக ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை விடுதிகள் வெறுமையாகும் மாதங்களில் அவற்றை நிரப்பி, ஊழியர்களுக்குத் தொழில் கொடுப்பது இவ்விளையாட்டே. மேலும், மாகாணத்தின் மொத்த நீர்ப்பாவனையில் அதன் பங்கு பத்தில் ஒன்றிலும் குறைவு. பெரும்பங்கு விவசாயத்துக்கே செல்கின்றது. எனினும் பற்றாக்குறை வரும்போது இத்தகைய கணக்குகள் மக்களின் மனதை ஆற்றுவதில்லை. தொடர் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றிய நிலையில், 2024 பெப்ரவரியில் போர்த்துக்கல் அரசு விவசாயத்துக்கான நீரில் 25 வீதத்தையும் நகரப் பாவனைக்கும் சுற்றுலாத்துறைக்குமான நீரில் 15 வீதத்தையும் குறைக்கத் தீர்மானித்தது. பயிர் வாடினால் ஓர் ஆண்டு வருமானம் போய்விடும். புல் வாடினால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அப்படியிருக்கக் கமக்காரனுக்கே கூடிய வெட்டு விழுந்தது. வீத அளவில் இது நியாயமெனச் சிலர் வாதிடலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மழை பெய்ததும் அவ்வாண்டின் நடுப்பகுதியில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன.

வடிவமைப்பாளர்களின் வேலை இப்போது வேறு திசைக்குத் திரும்பியிருக்கின்றது. குளிர்நாட்டுப் புல்லை அகற்றி, வெப்பத்தையும் வரட்சியையும் தாங்கும் பெர்முடா புல்லைப் பதிக்கின்றனர். சில மைதானங்கள் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பாய்ச்சுகின்றன. பந்து அரிதாகவே விழும் ஓரங்களுக்கு நீர் விடுவதை நிறுத்தி, அங்கு பிரதேசத்துக்கே உரிய புதர்ச்செடிகளை வளரவிடுகின்றனர். கோடையில் அவ்வோரங்கள் பழுப்பேறித் தோன்றும். விளம்பரப் படங்களில் பச்சையை மட்டுமே கண்டு பழகிய விருந்தினருக்கு அந்நிறத்தை ஏற்கச் செய்வதே இன்று விடுதி முகாமையாளர்களின் பெருஞ்சிரமமாக உள்ளது.