மாநாட்டுக்கு வரும் வணிகர்கள் எங்கே இறங்குவது, எங்கே தங்குவது?

மாநாட்டுக்குப் போவது நம்மைப் போன்ற சிறு வணிகர்களுக்கு லேசான காரியம் அல்ல. கடையைப் பூட்ட வேண்டும், அல்லது பையனை நம்பி விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போய்விடும். பயணச் செலவும் தங்கும் செலவும் தனி. இத்தனையும் செய்து புறப்பட்டவர், தீர்மானம் நிறைவேறும் நேரத்தில் மண்டபத்தில் இல்லாமல் நடுரோட்டில் லாரிகளுக்கு நடுவே நின்றால் எல்லாம் வீண்.

இது எங்கள் பகுதியில் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூர் பக்கம் ஒரு கூட்டத்துக்குத் தென் மாவட்ட நண்பர்கள் இருபது பேர் வந்தார்கள். அறை ஏற்பாடு எங்கள் பொறுப்பு. கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓரிடத்தில் தங்க வைத்து வேனும் பேசினோம். காலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் வேன் மாட்டிக்கொண்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது தீர்மானங்கள் முடிந்து பந்தி தொடங்கியிருந்தது. அவர்களில் மூத்தவரான ஓர் அண்ணாச்சி, "தம்பி, நாங்க சாப்பிடவா வந்தோம், கை தூக்கவா வந்தோம்?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தவறு எங்களுடையது.

அன்று கற்ற பாடம் இதுதான். வடசென்னையில் அறை தேடும்போது மண்டபத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கக் கூடாது. ரயில் தடத்துக்கு எத்தனை அடி என்று பார்க்க வேண்டும்.

சாலை ஏன் நம்பத்தக்கதல்ல?

சென்னைத் துறைமுகம், எண்ணூரில் 2001-ல் இயங்கத் தொடங்கிய காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் இந்தக் கடற்கரையில் உள்ளன. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையும் மணலிச் சாலையும் சரக்கு லாரிகளின் சாலைகள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் சிறு தடங்கல் ஏற்பட்டாலும் வரிசை பின்னால் நீண்டுவிடும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அதிகாலைச் சந்தை நெரிசல் வேறு. ஒரு நாள் அரை மணியில் போகும் தூரம் மறுநாள் ஒன்றரை மணியானாலும் வியப்பில்லை.

எங்கே இறங்குவது?

பழைய பழக்கத்தில் கோயம்பேடு என்று எண்ணி வருவோர் பலர். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்டங்களிலிருந்து வரும் அரசுப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. கிளாம்பாக்கம் சென்னையின் தென்கோடி, எண்ணூர் வடகோடி. முழு நகரத்தையும் கடந்தாக வேண்டும். ஆட்டோ, டாக்சி பிடித்தால் பேருந்துக்குக் கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க நேரும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குவது. எதிரே சென்ட்ரல். இரண்டாவது, மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வரை வந்து அங்கே மெட்ரோ ஏறுவது. நீல நிறத் தடத்தில் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல், மண்ணடி, வண்ணாரப்பேட்டை வழியாகத் திருவொற்றியூர், விம்கோ நகர் வரை வண்டி மாறவே வேண்டாம். 2019-ல் வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. வடசென்னை வணிகர்களுக்கு அது பெரிய வசதி.

ரயிலில் வருவோர், வண்டி எழும்பூர் வரை வருமா, தாம்பரத்தோடு நிற்குமா என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளவும். எழும்பூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் சென்ட்ரல். அங்கே நீலத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். கோவை, சேலம் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் நேராகச் சென்ட்ரலுக்கே வரும்.

எண்ணூருக்குக் கடைசித் துண்டு

மெட்ரோ எண்ணூர் வரை வராது. விம்கோ நகரில் இறங்கி மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்தது கத்திவாக்கம், அதற்கடுத்தது எண்ணூர். சென்ட்ரலிலிருந்தே வருவோர் கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலில் ஏறலாம். அது நீண்டதூர வண்டிகள் நிற்கும் நடைமேடையிலிருந்து புறப்படாது. பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும். புதிதாக வருவோர் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொன்றையும் நினைவில் கொள்க. தாம்பரம் தடம் போல இங்கே வண்டிகள் அடுக்கடுக்காக வருவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் காத்திருக்க நேரும். ஆகவே முதல் நாளே நேர அட்டவணையைப் பார்த்து, மாநாட்டு நேரத்துக்கு ஒரு வண்டி முன்னதாகவே வந்துவிட வேண்டும்.

எங்கே தங்குவது?

வடசென்னைக்குச் சத்திரம் புதிதல்ல. 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. ஆனால் எண்ணூரிலேயே இன்று தங்கும் விடுதிகள் குறைவு. மாநாடு என்றால் இருப்பதும் நிரம்பிவிடும்.

தேட வேண்டிய இடங்கள் மண்ணடி, பாரிமுனை, சென்ட்ரலை ஒட்டிய வால்டாக்ஸ் சாலை, பெரியமேடு, எழும்பூர் கென்னட் லேன் ஆகியவை. எல்லா இடத்திலும் நம் கைக்கு ஏற்ற விடுதிகள் உண்டு; மெட்ரோவோ மின்சார ரயிலோ நடக்கும் தூரத்தில் இருக்கும். நீண்டதூர ரயிலில் வந்து போவோர், சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களின் ஓய்வறைகளைப் பயணச் சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம்.

மண்டபத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. ஒரு ராத்திரிக்கு ஆண்களுக்குச் சரிப்படலாம். ஆனால் பின்னிரவிலேயே சமையல் தொடங்கிவிடும். குளியலறைக்கு வரிசை நிற்கும். பெண் வணிகர்கள் வரும்போது இதை ஏற்பாடாகவே கருதக் கூடாது. அவர்களுக்குத் தனி அறை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை

முதலில் கேட்க வேண்டியது 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பது. காலை 5 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குத் திரும்புபவருக்கு 24 மணிக் கணக்கில் ஒரு நாள் வாடகைதான். பகல் 12 மணிக் கணக்கில் அதே தங்கலுக்கு இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். குறைந்த வாடகை என்று எண்ணி எடுத்த அறை இப்படித்தான் இரட்டிப்பாகிறது.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12 ஆக இருந்தது. உதாரணமாக ரூ.1,600 வாடகை அறைக்கு வரி ரூ.80, ஆக ரூ.1,680. நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு ரூ.420. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத விடுதி வரி என்று வசூலிக்கக் கூடாது. நம் கடையில் பில் கேட்கும் வாடிக்கையாளரை நாம் மதிக்கிறோம் அல்லவா? அதுபோல நாமும் பில் கேட்டு வாங்க வேண்டும்.

முன்பணத்துக்கு ரசீது, எத்தனை அறை, எத்தனை ஆள், எந்தத் தேதி என்பது எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்ன வார்த்தை மாநாட்டுக் கூட்டத்தில் நிற்காது. வரும் ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும்.

மாநாட்டோடு கொள்முதல்

சென்னைக்கு வருபவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். மளிகைக்கு ஆதியப்ப நாயக்கன் தெருவும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவும், காகிதத்துக்கு ஆண்டர்சன் தெருவும் மண்ணடியில் தங்குவோருக்கு நடை தூரம்தான். கொத்தவால் சாவடியிலிருந்து 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறிய காய்கறி, பழச் சந்தையைப் பார்க்க விரும்புவோர் அதிகாலையில் போக வேண்டும்.

ஆனால் மே 5 வணிகர் தினத்தன்று நம்மைப் போலவே மொத்தக் கடைக்காரர்களும் கடை அடைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பாரிமுனைத் தெருக்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். எனவே கொள்முதலை முதல் நாள் வைத்துக்கொள்வதே நல்லது. மூட்டையை அறைக்குத் தூக்கி வராமல் பார்சல் லாரியில் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் தேவை.

வரவேற்கும் சங்கத்தாருக்கு

அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரோடு, எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து நடையா ஆட்டோவா என்பதையும் அச்சிடுங்கள். நிலைய வாசலில் சங்கக் கொடியோடு இருவரை நிறுத்துங்கள். மே மாதம் அக்னி நட்சத்திர வெயில் காலம். அவர்கள் கையில் தண்ணீரும் மோரும் இருக்கட்டும். முக்கியத் தீர்மானங்களை முதல் அரை மணிக்குள் முடித்துவிடாமல், தொலைவிலிருந்து வருவோரும் கை தூக்கும் நேரத்தில் வையுங்கள்.

அந்த அண்ணாச்சி அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். இம்முறை மண்ணடியில் தங்கி, மெட்ரோவில் விம்கோ நகர் இறங்கி, எங்களுக்கு முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தீர்மானத்துக்கு முதலில் உயர்ந்த கை அவருடையது.