117 ஆண்டு கழித்து ஊர் திரும்பிய மணிகள்

1898 ஒப்பந்தப்படி, 2 கோடி டாலருக்கு பிலிப்பைன்ஸ் தீவுகளை ஸ்பெயின் அமெரிக்காவிடம் விட்டுக் கொடுத்தது. கைமாறிய மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! அவர்கள் ஆயுதம் ஏந்தினர்.

சமார் தீவில் பலாங்கிகா ஒரு சிற்றூர். அங்கே முகாமிட்ட சிப்பாய்கள் ஊர் ஆண்களைக் கூடாரத்தில் அடைத்து, கட்டாய வேலை வாங்கினர். உணவுப் பொருள்களையும் பறித்தனர். 1901 செப்டம்பர் 28 காலையில் மாதா கோவில் மணி அடித்தது. ஊரார் அரிவாளுடன் பாய்ந்தனர். 48 சிப்பாய்கள் மாண்டனர்.

ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் கொல்லும்படி ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் உத்தரவிட்டார். பத்து வயதுப் பையனும் அதில் சேர்த்தி! ஊர்கள் எரிந்தன. ராணுவ நீதிமன்றம் அவருக்கு அளித்தது வெறும் கண்டனம், பிறகு ஓய்வு.

கோவிலின் மூன்று மணிகளையும் சிப்பாய்கள் தூக்கிச் சென்றனர். பல்லாண்டு மன்றாடலுக்குப் பின், 2018 டிசம்பரில்தான் அவை பலாங்கிகா வந்து சேர்ந்தன.