பழைய தோற்றம், புதிய எஞ்சின்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், கடையநல்லூர் வழியே தென்காசிக்குச் செல்லும் சாலையில் ஒரு வண்டியின் ஓசை, அது கண்ணில் படும் முன்னரே காதில் விழும். மக்கள் ‘புல்லட்’ என்றழைக்கும் அவ்வண்டியைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு, 1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் இங்கு அது நிலைத்திருந்தது.

எனினும், எரிபொருள் சிக்கனமான 100 சி.சி. வண்டிகள் பெருகியபோது புல்லட் பின்தங்கியது. அதில் எண்ணெய் கசியும், காலால் உதைத்தே கிளப்பவேண்டும், கியரும் வலப்புறம். 1994இல் ஐச்சர் குழுமத்தின் கைக்கு வந்த அந்நிறுவனம், 2000ஆம் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 2,000 வண்டிகளையே விற்றது. மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்த வேளையில், 26 வயதான சித்தார்த்த லால் பொறுப்பேற்றார்.

சிக்கல் இதுதான்: பழைய அன்பர்கள் மாற்றத்தை விரும்பவில்லை, புதியவர்களோ பழுதை விரும்பவில்லை. கியர் இடப்புறம் மாறியது. வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு மாற்றாக அலுமினிய எஞ்சின் வந்தது. ஓசை சற்று மெலிந்ததாகப் பழையவர்கள் இன்றும் குறை கூறுவர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால், தோற்றத்தில் நிறுவனம் கைவைக்கவில்லை. 2009இல் வந்த ‘கிளாசிக்’, புதிய எஞ்சினைப் பழங்காலத்து உருவில் ஏந்தியிருந்தது. சிக்கனத்தில் பிறரோடு போட்டியிடாமல், நெடும்பயணத்திற்குரிய வண்டி என்பதையே நிறுவனம் தன் அடையாளமாக்கிக்கொண்டது. இமயமலைப் பயணங்களையும் நடத்தியது.

2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை எழுந்தது. 2014இல் விற்பனை 3 லட்சத்தைக் கடந்தது. அப்போதும் கிளாசிக் வேண்டிப் பதிவு செய்தோர் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.