பனிப்பந்து உருண்ட வழி: ஆங்கில ஆசிரியரின் 'மேம்பாடு' குறித்து

'மேம்பாடு' என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவரை மேம்படுத்த வேண்டுமென்றால் அவர் இப்போது கீழே கிடக்கிறார் என்று முதலில் யாராவது முடிவு செய்தாக வேண்டும். கிராம மேம்பாடு, பழங்குடியினர் மேம்பாடு, மகளிர் மேம்பாடு என்று நீளும் வரிசையில்தான் ஆங்கில ஆசிரியரின் தொழில்சார் மேம்பாடும் வந்து நிற்கிறது. யார் மேலே, யார் கீழே, இரண்டுக்கும் நடுவில் ஓடுவது என்ன என்பதே இங்கு கேள்வி.

இதை நாம் இதுவரை கேட்காமல் விட்டதற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் முடிந்து, 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றபோது, ஆங்கிலம் நமக்கு ஒரு கேடயமாக வந்து சேர்ந்தது. சண்டைக்கு நடுவில் கேடயம் எந்தப் பட்டறையில் அடித்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று மேடை மேடையாகப் பேசினோம். அதை எப்படிச் சொல்லித்தருவது, அதைத் தீர்மானிப்பது யார் என்பதையெல்லாம் 'டெக்னிக்கல் சமாச்சாரம்' என்று நிபுணர்களிடம் விட்டுவிட்டோம்.

நிபுணர்கள் அதற்கு முன்பே வந்தாயிற்று. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. ஆங்கிலம் ஆரம்பிக்கும் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களைப் புதிய முறைக்கு மாற்றுவது அதன் நோக்கம். அதற்கு வழங்கிய பெயர் 'மெட்ராஸ் ஸ்நோபால்'. 1962இல் லண்டனிலிருந்து வந்த ஆங்கிலம் கற்பித்தல் இதழொன்றில் இந்தத் தலைப்பிலேயே கட்டுரை வந்தது. மெட்ராஸில் பனிப்பந்து! முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்குப் போய் இன்னும் பலருக்கு, அவர்கள் இன்னும் கீழே. பனி உருள உருளப் பெருக்கும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊர் வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உருட்டிவிட்ட சரக்கு 'அமைப்பு முறை'. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு சூழலில் வைத்து, வாயால் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ புக்' என்பார். வகுப்பு முழுதும் திருப்பிச் சொல்லும்.

இங்கே ஒரு தமிழ்க்காரன் நின்று யோசிக்க வேண்டும். 'இது புத்தகம்' என்பதில் அந்த 'இஸ்' எங்கே இருக்கிறது? இல்லை. நம் இலக்கணம் பெயர்ப் பயனிலை என்று சொல்வது இதைத்தான். பெயரே பயனிலையாக நிற்கும், வினை தேவையில்லை. 'எ' என்பதற்கும் தமிழில் நேர்ச்சொல் கிடையாது. ஆங்கிலப் பாடத்தின் முதல் வாக்கியமே, தமிழில் வெற்றிடமாக இருக்கிற இடத்தில் போய்த்தான் முட்டுகிறது. பையன் 'திஸ் புக்' என்று சொன்னால் அது மந்தபுத்தி அல்ல. அவன் தன் மொழியின் இலக்கணத்தைச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறான். இதை இரண்டே நிமிஷத்தில் தமிழில் விளக்கிவிடலாம். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது!

அந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது? 1961இல் உகாண்டாவின் மேக்கரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிக் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே கெட்டிப்பட்ட ஐந்து நம்பிக்கைகளை ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் வெளியிட்ட 'மொழி ஏகாதிபத்தியம்' நூலில் பிரித்துப்போட்டுக் காட்டினார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும். தாய்மொழியாகப் பேசுபவரே உன்னத ஆசிரியர். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. பிற மொழி புகுந்தால் ஆங்கிலத்தின் தரம் குறையும். ஐந்தும் பொய்மைகள் என்பது அவர் வாதம். இரண்டாவதைக் கவனியுங்கள். திண்டிவனத்துப் பக்கத்து ஆசிரியை ஆயுள் முழுதும் பயிற்சிக்குப் போனாலும் எட்ட முடியாத இடத்தில் உன்னதத்தை வைத்தாயிற்று. பிறகு அவரை மேம்படுத்திக்கொண்டே இருக்கலாம், முடிவே கிடையாது.

பனிப்பந்து முறை போய்விடவில்லை. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம், குறுவள மையம் என்று கட்டகம் கீழே இறங்குகிறது. சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்துக் குழுவாக உட்காரச் சொல்வார்கள். வருகைப் பதிவில் காலையும் மாலையும் கையெழுத்து. 'உங்க வகுப்புல என்ன நடக்குது?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அந்தப் பதில் மேலே போக வழி இல்லை. குழாய் ஒரு திசையில்தான் ஓடும். பாவ்லோ ஃப்ரெய்ரே மாணவனைப் பற்றிச் சொன்ன வங்கிமுறைக் கல்வி இங்கே ஆசிரியருக்கே நடக்கிறது.

கல்லூரி ஆசிரியர் கதை வேறு. 1986 கல்விக் கொள்கையை ஒட்டி வந்த ஸ்டாஃப் காலேஜ்களில் ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் முடித்தால்தான் பதவி உயர்வு. 2010இல் யு.ஜி.சி. புள்ளிக்கணக்கு வேறு கொண்டுவந்தது. கருத்தரங்குகள் பெருகின, சான்றிதழ்கள் பெருகின. படிப்பு பெருகியதா என்பதை அந்தக் கருத்தரங்கத் தொகுப்புகளைப் புரட்டியவர்கள் சொல்லட்டும்.

கையில் காசு உள்ளவர்களுக்குக் கேம்பிரிட்ஜின் செல்டா. முழுநேரமாக 4 வாரம், செலவு லட்ச ரூபாயைத் தாண்டும். அதிலும் ஒரு நல்ல அம்சம் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது: 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக் காட்டி, விமர்சனம் கேட்டாக வேண்டும். நம் அரசுப் பயிற்சியில் மாணவனின் நிழல்கூட அந்த ஹாலுக்குள் விழுவதில்லை. ஆனால் தனியார் மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண் எந்த லட்சத்தைக் கட்டுவார்?

இதற்கு மாற்று இந்த மண்ணிலேயே முளைத்தது. என்.எஸ். பிரபு பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். (நிறுவனங்கள் ஒற்றைக்கல்லில் செய்தவை அல்ல.) அமைப்பு முறையில் அதிருப்திப்பட்ட ஆசிரியர்களோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தார். வாக்கிய அமைப்புப் பட்டியலைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் என்று பிள்ளைகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார்கள். பின்னாளில் உலகம் முழுதும் 'டாஸ்க்' முறை என்று பேர்வாங்கியதற்கு இதுவே முன்னோடி. மேற்கில் குழுவேலை வேதமாக ஓதப்பட்ட காலம் அது. பிரபு அதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பிள்ளைகளின் அரைகுறை ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி அப்படியே இறுகிவிடும் என்பது அவர் கணிப்பு. கணிப்பு சரியோ தப்போ, ஒரு குறிப்பிட்ட வகுப்பறையைப் பார்த்து எடுத்த முடிவு அது. இப்போது அதே 'டாஸ்க்' வெளிநாட்டு முத்திரையோடு கட்டகத்தில் திரும்பி வருகிறது, குழுவேலை சகிதமாக.

1990இல் பிரபு எழுதிய ஒரு கட்டுரை, தலைசிறந்த முறை என்று ஒன்று இல்லை, ஏன் இல்லை என்று கேட்டது. இப்படிச் செய்தால் பிள்ளைக்குப் பிடிபடும் என்று ஆசிரியருக்குள் ஒரு பொருந்துணர்வு ஊறுகிறது. முறை எதுவானாலும் அது உயிரோடு இருக்கிறதா என்பதே விஷயம். கெட்ட முறையைவிட இயந்திரத்தனமே பெரிய எதிரி என்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த குமாரவடிவேலு 1994இல் 'முறைக்குப் பிந்தைய நிலை' என்று பேசியதும், கோட்பாட்டை ஆசிரியரே தன் நடைமுறையிலிருந்து உருவாக்க வேண்டும் என்றுதான்.

யாழ்ப்பாணத்தில் சுரேஷ் கனகராஜா இதைச் செய்து காட்டினார். பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓர் அமெரிக்கப் பாடநூல் கொடுக்கப்பட்டிருந்தது. யுத்த காலம். மாணவர்கள் அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கியிருந்தவற்றை அவர் வாசித்தார்: தமிழ் வரிகள், சினிமா, காதல், போராட்டம். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் பக்கத்தின் விளிம்பில் பாடநூலோடு சண்டை போட்டிருந்தார்கள். 1993இல் அவர் எழுதிய ஆய்வு இந்தக் கிறுக்கல்களையும் சான்றாக எடுத்துக்கொண்டது. இதற்குக் கட்டகம் தேவைப்படவில்லை, கருத்தாளரும் தேவைப்படவில்லை.

ஆனால் இவையெல்லாம் ஆங்கிலத்தில், ஆய்வாளர்களுக்கான இதழ்களில் கிடக்கின்றன. ஆங்கில வகுப்பறை பற்றித் தமிழில் எழுதுவது பெரும்பாலும் நடப்பதில்லை; வகுப்பில் தமிழுக்கு விதித்த தடை, வகுப்பைப் பற்றிய யோசனைக்கும் நீண்டுவிட்டது. குறுவள மையத்தில் பத்து ஆசிரியர்கள் கூடும் நாளில், ஆளுக்கு மூன்று பரீட்சைத் தாள்களைக் கொண்டுவந்து, எந்தப் பிழை தமிழிலிருந்து வருகிறது, எது பாடநூல் உண்டாக்கியது, எது நம் அவசரத்தால் வந்தது என்று தமிழிலேயே பிரித்துப் பேசி, அதை எழுதியும் வைத்தால், ஐந்தாவது தாளிலேயே 'திஸ் புக்' வந்துவிடும்.