கடைசி நாளுக்கு யார் பணம் கட்டுவது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு பிளேட்டிங் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவன் நான். குரோம் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அமிலம் விட்டு, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் மஞ்சள் மாறிப் பச்சையாகும். புற்றுநோய் உண்டாக்கும் ஹெக்சாவேலன்ட் குரோமியம், அவ்வளவு ஆபத்தில்லாத இன்னொரு வடிவத்துக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். பிறகு சுண்ணாம்பு போட்டு, அடியில் தங்கும் ஸ்லட்ஜைப் பிழிந்து, எடை போட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றி அனுப்புவோம். கம்பெனி ஓடுகிறவரை இது தினசரி வேலை. கம்பெனி நின்றுவிட்டால் யார் செய்வார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வேலூரைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்குள்ள சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை குரோமிய ரசாயனங்களைத் தயாரித்தது; 1990-களின் நடுவில் மூடப்பட்டது. 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்து மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரம். ஆலை ஓடிய காலத்தைவிட அந்தக் குவியல் ஊரை வருத்திய காலம் அதிகம். சுத்தம் செய்யும் பொறுப்பு கடைசியில் அரசின் தலையில்தான் விழுந்தது.

இந்த வகை வேலைகளில் மிகக் கடினமானது, அணு ஆயுதத்துக்கு மூலப்பொருள் தயாரித்த ஆலைகளைச் சுத்தம் செய்வது. குரோமியத்தையாவது ரசாயனம் போட்டு அடக்கலாம். யுரேனியத்தின் கதிர்வீச்சை எந்த ரசாயனமும் நிறுத்தாது. யுரேனியம்-238 பாதியாகக் குறையவே சுமார் 450 கோடி வருடம் ஆகும். அதனால் அங்கே சுத்தம் செய்வது என்றால் பிரித்தெடுப்பது, அடைத்துவைப்பது, காவல் காப்பது. மண்ணில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம், எவ்வளவு ஆழம் தோண்டுவது, தோண்டியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஃபெர்னால்டு என்ற இடத்தில் 1,050 ஏக்கரில் அப்படியொரு ஆலை இருந்தது. 1950-களின் தொடக்கத்திலிருந்து 1989 வரை அணு ஆயுதத் திட்டத்துக்காக யுரேனியத்தை உலோகமாக்கியது. ஆலையின் பெயரில் ‘ஃபீடு’ என்ற சொல் இருந்ததால் மாட்டுத்தீவனக் கம்பெனி என்றே அக்கம்பக்கத்தில் பலர் நம்பியிருந்தார்கள். தங்கள் கிணற்றுத் தண்ணீரில் யுரேனியம் கலந்திருப்பது 1980-களின் நடுவில்தான் அவர்களுக்குத் தெரியவந்தது.

1993-ல் உள்ளூர் மக்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். ஆலையின் வரைபடத்தை மேசையில் விரித்து, அசுத்த மண்ணின் அளவுக்கு ஏற்ப அதன் மேல் சில்லுகளை அடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தோண்டி அனுப்பிவிட வேண்டும் என்று சொன்னவர்களுக்கு, அத்தனை லாரிகளும் தங்கள் தெரு வழியாகத்தான் போகும் என்பதும், போய்ச் சேரும் இடத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதும் சில்லுகளை அடுக்கும்போதே விளங்கியது. மிகக் கொடிய கழிவு வெளியே போகட்டும், குறைந்த அளவு கதிரியக்கம் உள்ளது இங்கேயே பாதுகாப்பான மேட்டுக்குள் இருக்கட்டும் என்று அவர்களே பரிந்துரைத்தார்கள். 2006-ல் பெரும்பகுதி வேலை முடிந்தது. செலவு 440 கோடி டாலர். இன்று அது ஒரு இயற்கைக் காப்பகம். ஆனாலும் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் வேலை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

ஃபெர்னால்டுக்குப் பின்னால் அமெரிக்க அரசின் கஜானா இருந்தது. ராணிப்பேட்டைக்கு என்ன இருந்தது? நம் நாட்டு அணுமின் நிலையங்களில் மூடும் செலவுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா, நிலையத்தைப் பிற்காலத்தில் கழற்றிச் சுத்தம் செய்வதற்கென்று தனி நிதியில் சேர்கிறது. 2 பைசா போதுமா என்று விவாதிக்கலாம். ஓடுகிற காலத்திலேயே மூடும் செலவைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. நான் வேலை பார்த்த கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு தலைப்பே இருந்ததில்லை.

மாசடைந்த இடங்களுக்கென்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். வரவேற்கிறேன். ஆனால் கெடுத்தவர் திவாலாகிப் போனால், பணம் மக்களின் வரியிலிருந்துதான் வர வேண்டும். கம்பெனி லாபத்தில் இருக்கும்போதே வாங்கி வைப்பதுதான் இதற்கு மாற்று.

சூளகிரி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிப்காட் விரிந்துகொண்டே போகிறது. இங்கே வேலை கிடைத்து வீடு கட்டியவன் நான். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் கர்நாடகத்தைக் கேள்வி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே தென்பெண்ணை நம்மைக் கடந்து தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று போகிறது. அந்த ஊர்களுக்கு நாம்தான் மேல்மடை.

ஆகவே மனையை ஒதுக்கும் அன்றே மூன்று காரியம் நடக்க வேண்டும். முதலில், மண்ணையும் போர்வெல் தண்ணீரையும் சோதித்து முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். பின்னால் யார் கெடுத்தது என்ற வழக்குக்கு அதுவே சாட்சி. இரண்டாவதாக, ஆபத்தான கழிவு வரும் ஆலைகள் மூடும் செலவுக்கு வருடா வருடம் டெபாசிட் கட்ட வேண்டும். நிலம் சுத்தம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சான்று கொடுத்த பிறகே அது திரும்பக் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, அந்தச் சான்றில் பக்கத்து ஊர் மக்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். தங்கள் மண்ணுக்கு எது போதும் என்று முடிவெடுக்க ஃபெர்னால்டு மக்களால் முடிந்தது. சூளகிரி மக்களாலும் முடியும்.